‘தம்’ என்றால் நில்

இந்தப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்ததே அதிகம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்கிறேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். உரக்கடையில் மூட்டை எடை போடுகிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கமாட்டேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை ‘ஊமையாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன் வாராவாரம் அச்சில் பேசுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக் காக்கி உடுப்பைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். அதைப் பற்றி முழுசாக எழுதலாமே என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஆனால் அது என் கதை அல்ல, என் சிநேகிதன் பக்கிரிசாமியின் கதை. அவனைக் கேட்காமல் எழுதுவது சரியில்லை என்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். கீழ்வேளூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பம்ப்செட் பழுது பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவன் பேசுவது காதில் விழும். அவ்வளவு மெதுவான குரல்.

“எழுதிக்க. ஆனா ‘தம்’முன்னு எழுதறப்ப மட்டும் வெளக்கமா எழுது. பீடி சிகரெட்டுன்னு நெனச்சிக்கப் போறாங்க” என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

பூவரச மரத்தடியில்

மார்கழிக் கடைசி அது. சம்பாக் கதிர் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. பனியில் மண் ஊறிப்போயிருந்ததால் எங்கள் பூட்ஸ் சத்தம் கேட்கவே இல்லை. காக்கிக் கால்சட்டை, காக்கிச் சட்டை, தோளில் மண்வெட்டி. மூன்று மூன்று பேராக நடந்துபோனோம். எனக்கு இடம் கடைசிக்கு முந்தின வரிசை. முன்னால் போனவனின் தொப்பி விளிம்பிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

கீழத்தெரு முனையில் ஒரு பூவரச மரம் இருந்தது. அதனடிக்கு வந்ததும், எங்களுக்குப் பக்கவாட்டில் தனியாக நடந்து வந்த பக்கிரி நெஞ்சை நிமிர்த்தினான்.

“அணி... நில்!”

மைதானத்தில் சொன்னால் ரயிலடி வரைக்கும் கேட்கிற குரல். நாங்கள் ஒரே காலாக நின்றோம்.

தெருவுக்குள் கோழிகள் சிதறின. ஒரு குழந்தை வீறிட்டது. மூன்றாவது குடிசையின் பின்பக்கத்துக் கீற்றுத் தட்டி படாரென்று விழுந்தது. யாரோ வயலுக்குள் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ‘நில்’ என்ற சொல்லைக் கேட்டு ஒரு மனிதர் ஏன் ஓடினார் என்பது இல்லாவிட்டால் புரியாது.

பூரியும் கஞ்சியும்

நாங்கள் கேடட் படையில் சேர்ந்ததற்கு நாட்டுப்பற்றைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைப் பரேடு முடிந்ததும் பூரியும் கிழங்கும் கொடுப்பார்கள். அந்த எண்ணெய் வாசனை மடைப்பள்ளி மாதிரி பள்ளிக்கூடம் முழுக்கப் பரவும். கடைசி அரைமணி நேரம் எங்கள் கால்கள் மட்டும்தான் பரேடில் இருக்கும்.

உடுப்பு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். ஸ்டோர் ரூமிலிருந்து எடுக்கும்போது அந்துருண்டை நெடி அடிக்கும். சோற்றுக் கஞ்சியில் முக்கி எடுத்து, விறைப்பாகக் காயவைத்துக்கொள்வோம். பெல்ட்டின் பித்தளைக்குச் செங்கல் தூளும் புளியும் போட்டுத் தேய்ப்போம். பக்கிரியின் பெல்ட்தான் எப்போதும் அதிகமாக மின்னும். எல்லாப் பொத்தானும் உள்ள சட்டை என்று அவன் போட்டது அந்தக் காக்கிச் சட்டை ஒன்றைத்தான்.

பூரியில் பாதியைத்தான் தின்பான். மீதியை இலையோடு மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொள்வான். சனிக்கிழமைகளில் அவன் தலையிலிருந்து மசாலா வாசனை வரும்.

வகுப்பில் கீழத்தெருப் பையன்களுக்குக் கடைசி பெஞ்சு. யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை, தானாகவே அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். பரேடில் மட்டும் உயரப்படி நிற்க வேண்டும். பண்ணை வீட்டுச் சந்தானமும் பக்கிரியும் ஒரே உயரம், அதனால் ஒரே வரிசை.

“காக்கி போட்டதும் தொரையாயிட்ட பாருடா” என்பான் சந்தானம்.

“ஆமாண்டா. நான் திரும்புன்னாத்தான் நீ திரும்பணும். இல்லாட்டி அப்புடியே மதகுல போய் முட்டிக்க வேண்டியதுதான்” என்பான் பக்கிரி.

அவனுக்கு வாய்த்த குரல் அப்படி. படையைப் பார்த்துக்கொண்ட தணிகாசலம் சார் வரலாற்று ஆசிரியர், கொஞ்சம் இரைப்புக்காரர். பாதிப் பரேடில் மூச்சு வாங்கும். “டேய் பக்கிரி, வாடா, நீ கொடு” என்று ஒதுங்கிக்கொள்வார். ஆணை கொடுப்பது அநேகமாக அவன்தான்.

சாவுதான்

அப்போது ஆணைகள் எல்லாம் இந்தியில் இருந்தன. ‘சாவ்தான்’ என்றால் விறைப்பாக நிற்க வேண்டும். ‘விஷ்ராம்’ என்றால் காலை அகட்டலாம். ‘தேஜ் சல்’ என்றால் நடக்க வேண்டும். ‘தம்’ என்றால் நில். எங்களில் யாருக்கும் இந்தி தெரியாது. காதில் விழுந்ததைக் கால் செய்தது, அவ்வளவுதான்.

பக்கிரி வீட்டிலும் பழகுவான். கேட்க ஆட்கள் இல்லாததால் ஆட்டுக்குட்டிகளுக்கு ஆணை கொடுப்பான். அவன் அப்பா வீரையன் பண்ணையில் வேலை செய்தவர். ஒடிசலான ஆள். எதையும் கிண்டலாகத்தான் சொல்வார்.

“ஏண்டா, பொழுது விடிஞ்சா சாவுதான் சாவுதான்னு கத்துற. வயலுக்குப் போறவனுக்கு நல்ல வார்த்தையா ஒண்ணு சொல்லக் கூடாதா?” என்பார்.

ஆனால் ‘தம்’ அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடவுக்காலம். தலையில் நாற்றுமுடியைச் சுமந்துகொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார். முடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் காது வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கிரி தாழம்புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து ‘தம்!’ என்று ஒரு சத்தம் போட்டான். தூக்கின காலைத் தூக்கினபடி நின்றார். பிறகு அந்தக் காலை வரப்பில் பளீரென்று அறைந்து, விறைத்து, “போதுங்களா எசமான்? இன்னும் நிக்கணுமா? நாத்து வாடுது” என்றார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் கையோடு சிரித்தார்கள்.

அதிலிருந்து அப்பனுக்கும் பிள்ளைக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எங்கே எதிர்ப்பட்டாலும் இவன் ‘தம்’ என்பான், அவர் நிற்பார். பொருள் தெரியாத அந்த ஒரு வார்த்தை அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தமாக இருந்தது.

“ஒருநா உன் பரேட வந்து பாக்கணும்டா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை வேலை நாள். பள்ளிக்கூடமும் தூரம். வர முடிந்ததில்லை.

களத்தில் நடந்தது

அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டார்கள். கொடுக்க முடியாது என்றது பண்ணை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து அறுக்கச் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்கள் களத்தில் போய் மறித்தார்கள். அடிதடியாகிவிட்டது. ஒருவருக்கு மண்டை உடைந்தது.

அதன் பிறகு எங்கள் பக்கத்துச் சாயங்காலங்கள் மாறிப்போயின. விளக்கு வைத்ததும் கதவைச் சாத்தினார்கள். கடைவீதியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவது ஆள் வந்ததும் பேச்சு நின்றது. எங்கள் வீட்டில் கொஞ்சம் குத்தகை நிலம். அதனால் நாங்கள் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. என் அப்பா இரண்டு பக்கத்துக்கும் பயந்தார்.

ரைஸ்மில்லில் வெளியூர் போலீஸ் வந்து தங்கியது. வழக்கில் கீழத்தெரு ஆண்கள் பலர் பெயர் இருந்தது. வீரையன் பெயரும் இருந்தது. அவர் அன்றைக்குக் களத்துக்கே போகவில்லை என்று பக்கிரி இன்றுவரை சொல்கிறான். எனக்குத் தெரியாது. ஐப்பசியிலிருந்து அவர் ஊரில் இல்லை. ஆற்றங்கரை நாணலில் ஒருநாள், உறவுக்காரர் வீட்டு வைக்கோல் போரில் ஒருநாள் என்று இருந்தார். தெருவில் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும்தான் மிச்சம்.

பக்கிரி பள்ளிக்கூடம் வந்துகொண்டிருந்தான். பரேடுக்கும் வந்தான். பூரியில் பாதியை எடுத்துவைப்பதும் நிற்கவில்லை.

வார்த்தை மாறிய வாரம்

ஆட்சி மாறி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பரேடில் இந்தி ஆணைகள் கூடாது என்று உத்தரவு வந்தது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். சின்ன வகுப்பில் படிக்கும்போதே இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்கள் நாங்கள்.

பல பள்ளிகளில் பரேடையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். தணிகாசலம் சார் நிறுத்தவில்லை. “இந்தி வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க. நடக்க வேணாம்னு யாரும் சொல்லலியே” என்றார். தமிழாசிரியரோடு உட்கார்ந்து அவரே வார்த்தைகளை மாற்றினார். நேர் நில். இயல்பாய் நில். நட. நில்.

ஆரம்பத்தில் கால்களுக்குப் புரியவில்லை. ‘நட’ என்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். சந்தானம் ஒரு தடவை நிற்க மறந்து போய் மெய்யாகவே சுவரில் முட்டிக்கொண்டான். தினமும் சாயங்காலம் நடந்து பார்த்ததில் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. “இப்பத்தான்டா என்ன சொல்றோம்னு எனக்கே தெரியுது” என்றான் பக்கிரி.

வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் ஊருக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது விதி. வழக்கமாகக் கோயில் குளத்துப் படிக்கட்டைச் சுத்தம் செய்வோம். அந்த வருஷம் பக்கிரி கையைத் தூக்கினான்.

“சார், எங்க தெருவுக்கு வழி போட்டுக் குடுங்க சார். மழையில பாதி வழி அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எங்க அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரப்ப வண்டி பொதஞ்சி, அங்கனயே புள்ள பொறந்துடுச்சு.”

இப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார் தலைமையாசிரியர். தணிகாசலம் சார் விடவில்லை. “பள்ளத்த அடைக்கறதுல என்னா சார் அரசியல் இருக்கு?” என்று கேட்டார். செம்மண்ணுக்கும் அவரே ஏற்பாடு செய்தார். அந்தச் சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று.

“உங்க தெரு. இன்னிக்கு முழுக்க நீதான் கமாண்டர்” என்று பக்கிரியிடம் சொன்னார்.

“சொந்தத் தெருவுல ராசாடா நீ” என்று சந்தானம் அவன் முதுகில் குத்தினான். பக்கிரி சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

போகிற வழியில் ரைஸ்மில். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் ஒருவர், “என்னா தம்பிங்களா, எங்களுக்கு மாத்து ஆளா? வாங்க வாங்க, நாங்க ஊருக்குக் கெளம்பறோம்” என்றார். நாங்கள் சிரித்துக்கொண்டே கடந்துபோனோம்.

கதிருக்கு நடுவே

பக்கிரி தன் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தான். சனிக்கிழமை வருகிறோம், நான்தான் ஆணை கொடுக்கப்போகிறேன் என்று. அந்தச் செய்தி எப்படியோ நாணல்காட்டுக்கும் போய்விட்டது. பிள்ளையின் பரேடைப் பார்க்க இதைவிட்டால் வேறு வேளை வராது என்று வீரையன் விடியலில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதையெல்லாம் அவன் அம்மா அஞ்சலை பிறகு அழுதுகொண்டே சொன்னார். வந்தவர் பழையதைக் குடித்தாராம். “செத்த கண்ண மூடறேன். நீ எழுப்ப வேணாம். தம்முன்னு சத்தம் கேட்டா தன்னால எழுந்திரிச்சிடுவேன்” என்று படுத்தாராம். அஞ்சலை குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போயிருக்கிறார்.

ஆணை மாறிப்போனதை வீரையனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுகிற விஷயமா அது?

தூக்கத்தில் அவர் காதில் விழுந்தது ‘நில்’. கீற்றிடுக்கில் தெரிந்தது காக்கிக் கால்கள். தெருவுக்குள் தமிழில் ‘நில்’ என்று அதட்டுகிற காக்கிக்காரன் யாராக இருப்பான்? தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

பக்கிரிக்கு அந்த ஓட்டத்தின் சாயல் தெரிந்துவிட்டது. இன்னொன்றும் அவன் கண்ணில் பட்டது. அவர் ஓடிய திசையில், வாய்க்கால் மதகடியில், இரண்டு போலீஸ்காரர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரிய வழியில்லை. குனிந்து ஓடியவருக்குக் கதிர் மறைத்தது.

“அப்பா! நில்லு! அங்க போவாத! நில்லு!”

அவர் ஊரில் இல்லாத மாதங்களில் உடைந்து தடித்த புதுக்குரல் அவனுக்கு. வீட்டில் பேசுகிற குரல் அல்ல, வயிற்றிலிருந்து வருகிற பரேடுக் குரல். அவர் காதில் ‘நில்லு’ மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். இன்னும் வேகமாக ஓடினார். பழுத்த கதிர் இரண்டாகப் பிளந்துகொண்டே போவது எங்களுக்குத் தெரிந்தது. சார் வாயைத் திறந்தபடி நின்றார். நாங்கள் அணி கலையாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தோம். இயல்பாய் நில் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பக்கிரி மண்வெட்டியை எறிந்துவிட்டு வரப்பில் ஓடினான். ஓடிக்கொண்டே கத்தினான்.

“தம்!... தம்!”

அவர் நின்றார்.

இடுப்பளவு கதிருக்கு நடுவே, ஓடின வேகத்தில் முன்னால் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து நின்றார். திரும்பிப் பார்த்தார். வரப்பின்மேல் காக்கி உடுப்பும் தொப்பியும் மின்னுகிற பெல்ட்டுமாகத் தன் பிள்ளை நிற்பதைப் பார்த்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. முகம் மாறியது. சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம். பக்கிரி அப்படிச் சொல்வதில்லை. “வெயிலு கண்ணுல பட்டிருக்கும்” என்பான்.

சத்தம் கேட்டு மதகடியிலிருந்து இரண்டு பேரும் வரப்பேறி வந்துவிட்டார்கள். ஒருவர் தலையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. அவர்தான் முதலில் வந்து கையைப் பிடித்தார். வீரையன் திமிறவில்லை.

“எம்மவன் பரேட பாக்க வந்தேங்க” என்றார்.

“எவன்டா உன் மவன்?”

அவர் கையைக் காட்டவில்லை. பக்கிரியே முன்னால் வந்தான். நுரைத்தலைக்காரர் அவன் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். கண்ணில் சோப்பு இறங்கியது போலிருக்கிறது, துடைத்துக்கொண்டே இருந்தார்.

அழைத்துப் போகும்போது வீரையன் ஒருமுறை திரும்பினார்.

“எப்படா மாத்துனானுவ?”

“போன வாரம்பா.”

“ம்” என்றார். அவ்வளவுதான்.

வந்த வேலை

சார் எங்களைத் திரும்பி நடக்கச் சொன்னார். ஆணையாக அல்ல, “வாங்கடா, போயிடலாம்” என்று. அவருக்கு இரைக்க ஆரம்பித்திருந்தது. அப்போது அஞ்சலை குளத்திலிருந்து வந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது. குடத்தை இறக்காமலே எங்கள் முன்னால் நின்றார்.

“எங்க போறீங்க? வந்த வேலையச் செஞ்சிட்டுப் போங்க. அதுக்குத்தான வந்தீங்க.”

மண்வெட்டியை எடுத்தோம். அறுத்துக்கொண்டு போயிருந்த பள்ளத்தில் கல்லைப் போட்டு, மேலே செம்மண்ணைக் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்தோம். தெருப் பெண்களும் கூடை எடுத்தார்கள். சந்தானம் பக்கிரியின் கூடையையும் சேர்த்துத் தூக்கினான். பக்கிரி அதைப் பிடுங்கிக்கொண்டான். செம்மண் பட்டு எல்லோர் சட்டையும் ஒரே நிறமாயிற்று.

அணியைப் பார்த்து அதன் பிறகு பக்கிரி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல. பரேடுக்கே அவன் அப்புறம் வரவில்லை. வீரையனுக்கு ஜாமீன் கிடைத்தபோது மாசி முடிந்திருந்தது. வந்தவர் ரொம்பவும் இளைத்திருந்தார். வரப்பில் பிள்ளை எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டாராம். இவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவானாம். அந்த விளையாட்டை இரண்டு பேருமே மறுபடி எடுக்கவில்லை. அவர் செத்தபோது பக்கிரி சத்தம் போட்டு அழவில்லை என்று ஊரில் குறையாகப் பேசிக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது வழி முடிந்தது. தணிகாசலம் சார் அதன்மேல் நடந்து பார்த்தார். காலால் மிதித்துப் பார்த்தார். “இனிமே வண்டி பொதையாது” என்று அஞ்சலையிடம் சொன்னார். அவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புது வழியில் முதலில் வந்தது போலீஸ் ஜீப். கீழத்தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. சக்கரம் எங்கேயும் புதையவில்லை.